மட்டடார் கேம்பர் வேன் துரு வேலை: புதுப்பிப்பு

எங்கள் பழைய மட்டடார் கேம்பர் வேனில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வண்டி) பின்சக்கர வளைவுக்கு மேலே பெயின்ட் கொப்பளிக்கிறது, தேய்த்துப் பட்டி போட்டால் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதாது. கிரைண்டர் வைத்ததும் பழைய பட்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை! உள்பக்கம் ஈர மண் அப்பிக் கிடந்தது. துரு அங்கிருந்துதான் வெளியே வந்திருக்கிறது.

நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, 1 மி.மீ. தகட்டை வளைத்துப் பொருத்தினோம். ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். பட்டறை அண்ணன் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு முடித்தார். அவ்வளவு பொறுமை!

அப்புறம் துருவைத் தடுக்கும் ஜிங்க் பிரைமர், இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட், உள்ளே மெழுகுப் பூச்சு. தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு அந்த உள்பூச்சுதான் முக்கியம் என்பேன். அடைத்திருந்த வடிதுளைகளையும் (தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள்) குத்தித் திறந்துவிட்டேன். அடுத்து, கதவின் அடிப்பாகம்.