கைக்கு அடங்கிய செலவில் தொலைதூர ஊர்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் பயணிகளின் அனுபவப் பகிர்வு

தோபா ஏரி, மேடான் (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்)

நம்முடையதைப் போன்ற தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து கிளம்புகிறவர்கள், விமானச் சீட்டின் விலையை மட்டும் பார்த்து ஓர் ஊரை மலிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது என் கட்சி. கோலாலம்பூரிலிருந்து அடிமாட்டு விலைக்குச் சீட்டுக் கிடைத்தாலும், அதிகாலை விமானத்தைப் பிடிக்க முதல்நாள் இரவே பேருந்து ஏறி, விமான நிலையத்து நாற்காலியில் விடிய விடியக் காத்திருந்து, அங்கே விற்கிற விலைக்குப் பசியாறி, போய் இறங்கிய இடத்தில் நகரத்துக்குள் செல்ல இன்னொரு வண்டிக்கும் கொடுத்து முடித்தால், மிச்சப்படுத்திய பணம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். அதனால் பினாங்கிலிருந்து பறக்கக்கூடிய ஊர்களையே நான் முதலில் பார்ப்பேன். அப்படி வாய்த்தவைதான் வட சுமத்திராவின் மேடானும் தோபா ஏரியும்.

பினாங்கிலிருந்து மேடானின் குவாலா நாமு விமான நிலையம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பு. அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், ஏறிய நேரத்துக்கே இறங்கியதாகக் காட்டும். ஆசியான் நாட்டவர் என்பதால் 30 நாள் வரை நமக்கு விசா தேவையில்லை. விமான நிலையத்திலிருந்தே தோபா ஏரியின் பராபாட் கரைக்குப் பகிர்வு வேன்கள் கிடைக்கின்றன. சேர்ந்து போகிறவர்கள் நால்வர் இருந்தால் தனி வண்டி பேசினாலும் நட்டமில்லை.

தோபாவை ஏரி என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கும். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பெரும் எரிமலையின் வாயில் தண்ணீர் தேங்கி உண்டானது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாலையில் கேமரன் மலையை நினைவூட்டும் குளிர் இறங்கிவிடும். பராபாட்டிலிருந்து, ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவின் துக்துக் பகுதிக்குப் போகும் மரப்படகில், நாம் தங்கப்போகும் விடுதியின் பெயரைச் சொன்னால் போதும், அந்த விடுதியின் படித்துறையிலேயே இறக்கிவிடுகிறார்கள். ஈப்போவில் நடுத்தர ஓட்டல் அறைக்குக் கொடுப்பதில் பாதிக்கும் குறைவான வாடகையில் ஏரியைப் பார்த்த அறை கிடைத்தது. வெந்நீர் வரும் என்று விடுதிக்காரர் சொன்னதை மட்டும் நான் முழுமையாக நம்பச் சொல்ல மாட்டேன்.

விடுதியை நடத்திய பாத்தாக் (அந்த வட்டாரத்துப் பூர்வகுடி) இனத்து அம்மையார், மஞ்சள் குழம்பில் வற்றக் காய்ச்சிய கெண்டை மீனை எங்களுக்குப் பரிமாறினார். அதில் அண்டாலிமான் என்ற, மிளகைப் போன்ற சிறு காய் சேர்கிறது. வாயில் போட்டதும் எலுமிச்சை வாசம் வரும், பிறகு நாக்கு மெல்ல மரத்துப்போகும். காரத்துக்குப் பழகிய என் மனைவியே தண்ணீர்க் குவளையைத் தேட, அந்த அம்மையார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும் வழியில் மேடானில் ஒரு பகலை ஒதுக்குங்கள். கம்போங் மெட்ராஸ் பகுதியில் 1884ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு டச்சுக்காரர் காலத்தில் வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் அந்தப் பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள். கோயிலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி இந்தோனேசிய மொழியில்தான் பேச்சைத் தொடங்கினார், நான் தமிழில் பதில் சொன்னதும் சற்று யோசித்து, “எங்க தாத்தா பொகையிலைக்கு வந்தாங்க. உங்க தாத்தா?” என்று கேட்டார். “ரப்பர் பால்மரத்துக்கு, பாட்டி” என்றேன். அதற்குமேல் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பேரனைக் கூப்பிட்டு எங்களுக்குத் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

தலே நோய், தென் தாய்லாந்து (மருத்துவமனைத் தாதி)

ஆசிரியர் ஐயா விமானத்தைச் சொன்னார். நான் விமானமே ஏறாமல் போய்வந்த ஊரைச் சொல்கிறேன். நம் பட்டணத்து ரயில் நிலையத்திலேயே இடிஎஸ் மின்ரயிலில் ஏறி எல்லை ஊரான பாடாங் பெசாரில் இறங்கினால், மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து ஹட்யாய்க்குச் செல்லும் சிறிய ரயிலுக்கு 50 பாட்தான். 2025 மே மாதம் முதல் தாய்லாந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசாங்கத்தின் தளமன்று.

நம்மவர்களில் பெரும்பாலோர் ஹட்யாயில் சாப்பிட்டு, துணிமணி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பள்ளி விடுமுறையில் அங்கே அறை வாடகை ஏறுவதற்கு நாம்தான் காரணம். அதே நிலையத்தில் வடக்கே போகும் சாதாரண ரயிலில் ஏறி, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பத்தலுங் என்ற அமைதியான ஊர் வரும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது தலே நோய் என்ற நன்னீர்ச் சதுப்பு ஏரி. அங்குள்ள ஈரநிலம் 1998இல் தாய்லாந்தின் முதல் ராம்சார் தலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது.

விடியற்காலையிலேயே படகுத்துறைக்குப் போய்விட வேண்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை செவ்வல்லி ஏரி முழுவதும் விரிந்திருக்கும். வெயில் ஏற ஏற இதழ்கள் மூடிக்கொள்வதால், பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு இலைதான் மிச்சம். படகோட்டி மோட்டாரை நிறுத்திய இடத்தில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி நீந்திப் போய், தண்ணீருக்கடியில் இருக்கும் புல்லை மேய்ந்தன. ஒன்று தலையைத் தூக்கியபோது கொம்பில் அல்லிக்கொடி சுற்றியிருந்தது. படகை முழுதாக வாடகைக்குப் பேசுவதுதான் வழக்கம் என்பதால், தனியாகப் போவதைவிட அக்கா தங்கையோடு போவது சிக்கனம்.

நவம்பர், டிசம்பர் மாதங்களைத் தவிர்க்க வேண்டும். 2010இலும் 2025இலும் நவம்பர் மழையில் ஹட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

டானாங், மி சோன் (தொழிற்சாலைத் தொழில்நுட்பர்)

கோலாலம்பூர் வரை போகத்தான் வேண்டும் என்றால், வியட்நாமின் டானாங்கைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த விமான நிலையம் நகரத்துக்கு உள்ளேயே இருப்பதால், ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டாவது வண்டிச் செலவு ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பழங்கோயில் என்றால் எல்லாரும் கம்போடியாவின் அங்கோர் என்கிறார்கள். நானும் ஆசைப்பட்டேன், ஆனால் மூன்று நாள் நுழைவுச்சீட்டு 62 அமெரிக்க டாலர் என்பதையும், அங்கோருக்குப் போக இறங்கும் சியெம் ரியாப்பின் புதிய விமான நிலையம் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளிப்போய்விட்டதையும் பார்த்துப் பின்வாங்கினேன். டானாங் பக்கத்துப் பழங்கோயில் தொகுதியான மி சோனுக்கு நுழைவுச்சீட்டு 150,000 டோங், நம் பணத்தில் முப்பது வெள்ளிக்கும் குறைவு.

வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சாம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூற்றாண்டுகள் சிவனுக்குக் கோயில் எடுப்பித்த இடம் அது; இன்று நாம் காண்பவை பெரும்பாலும் செங்கல் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகச் சிறந்த கோபுரம் சிதைந்தது. புல் முளைத்த குண்டுக்குழிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் சாந்துக் கோடே கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படி ஒட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லையாம். ஆவுடையாரின் முன் நின்று நான் கைகூப்பியதைப் பார்த்த காவலர், சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் வேண்டிக்கொள்ளட்டும் என்பதுபோல் ஒதுங்கி நின்றார். ஹோய் ஆனில் தங்கினால் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கும் வெள்ளக்காலம்.

ஒரு கேள்வி (குடும்பத் தலைவி)

தம்பி, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது; சைவம் மட்டுமே சாப்பிடுகிறவள். கடப்பிதழும் (பாஸ்போர்ட்) இனிமேல்தான் எடுக்க வேண்டும். தலே நோய்க்குப் போனால் பட்டினி கிடக்க நேருமா?

பதில் (மருத்துவமனைத் தாதி)

நேராது, அக்கா. கடப்பிதழுக்கு மற்றவர்களுக்கு 200 வெள்ளி, அறுபது வயதானவர்களுக்கு 100 வெள்ளிதான். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளைப் பாருங்கள். “கின் ஜே” என்று சொன்னால் முட்டை, மீன் சாறு எதுவும் சேர்க்காமல், வெங்காயம் பூண்டுகூட இல்லாமல் சமைத்துத் தருவார்கள். ஹட்யாயில் இத்தகைய கடைகள் எளிதில் கிடைக்கும், பத்தலுங்கில் தேட வேண்டியிருக்கும். ஆகவே ரயில் ஏறுமுன் ஹட்யாயிலேயே ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.