வயதான காக்கடீலுக்குக் கூண்டு மாற்றம்: யோசனை தேவை

ஆண் காக்கடீல் (கொண்டையுள்ள சிறு கிளி வகை), 18 வயது. கால் மூட்டுகள் இறுகிப் பிடிமானம் குறைந்துவிட்டது. மேல் கம்பிலிருந்து வழுக்கி விழுகிறது. பறவை மருத்துவர் வலிக்கு மருந்து தந்திருக்கிறார். தினமும் காலையில் எடை பார்க்கிறோம், 92 கிராமில் நிற்கிறது. கூண்டு விஷயத்தில்தான் உங்கள் உதவி வேண்டும்.

கம்புகளைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்துக்கு இறக்கியாயிற்று. அடியிலிருந்த கம்பி வலையை எடுத்துவிட்டு, மடித்த துண்டின் மேல் காகிதம் விரித்திருக்கிறோம். தீனிக் கிண்ணமும் தண்ணீரும் கம்பின் மட்டத்திலேயே. ஒரே பருமனுள்ள உருளைக் கம்பு பாதத்தில் ஒரே இடத்தை அழுத்திப் புண்ணாக்கும் என்பதால், 7 செ.மீ. அகலப் பலகை ஒன்றும் பருமன் மாறும் கிளை ஒன்றும் வைத்திருக்கிறோம். உப்புத்தாள் சுற்றிய கம்பை யாரும் சொல்லாதீர்கள், அது பாதத்தோலைத் தேய்த்துவிடும்.

சிக்கல் பலகையில்தான். வழுக்காமலிருக்க, தானாக ஒட்டும் கட்டுத்துணியைச் சுற்றினோம். பிடிப்பு அருமை. ஆனால் எச்சம் ஊறி இரண்டே நாளில் நாறுகிறது, ஓரத்தில் நூல் பிரிந்தால் நகம் மாட்டும். தினமும் கழுவக்கூடிய, கொறித்தாலும் கெடுதல் செய்யாத மேலுறை எது?

கம்புக்கு ஏற வைத்த சாய்தளம் 30 டிகிரியில் இருக்கிறது; பறவை பாதியிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு சாய்வு, குறுக்குப் பட்டிகளுக்கு எத்தனை செ.மீ. இடைவெளி சரிப்படும்?

குளிருக்குக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும், வெளியே, டெஃப்லான் பூச்சில்லாத (அந்தப் பூச்சு மிகச் சூடானால் வரும் புகை பறவைக்கு நஞ்சு) செராமிக் ஹீட்டர் வைக்கப்போகிறோம். சூடு கூடினால் மறுபக்கம் நகரலாம். கால் சரியில்லாத பறவை தானாக நகருமா, அல்லது சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.