முனைவர் பட்டத்துக்குப் போர்ட்ஃபோலியோ: கல்வித் தலைமைத்துவம் படித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

டெக்சாஸ், நடுநிலைப் பள்ளி உதவி முதல்வர்

வணக்கம். கல்வித் தலைமைத்துவத்தில் எட்.டி. (கல்வித் துறைக்கான முனைவர் பட்டம்) படிக்கச் சேர்ந்திருக்கிறேன். பாடங்கள் முடிந்து ஆய்வேடு தொடங்கும் முன் வழக்கமாக வைக்கும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வு எங்கள் துறையில் கிடையாது. அதற்குப் பதிலாகப் போர்ட்ஃபோலியோ ஒன்று, அதாவது நம் வேலையின் சான்றுகளைத் தொகுத்த கோப்பு தயாரித்து, மூன்று பேராசிரியர்கள் முன்னால் விளக்க வேண்டும். பள்ளி வேலையையும் பார்த்துக்கொண்டே படிக்கிறேன். எதை இப்போதிருந்தே எடுத்து வைக்க வேண்டும்? இந்த வழியில் போனவர்களும் சரி, இதைப் படித்து மதிப்பெண் போடுகிறவர்களும் சரி, கொஞ்சம் எழுதுங்கள்.

நியூ ஜெர்சி, உயர்நிலைப் பள்ளி முதல்வர்

வாழ்த்துகள் தோழி. நான் இதே வழியில் பட்டம் முடித்தவள். எங்கள் துறை 2015இல் வெளியான பிஎஸ்இஎல் தரநிலைகளை அடிப்படையாக வைத்திருந்தது. அமெரிக்காவில் பள்ளித் தலைவர்களுக்கான பத்துத் தரநிலைகள் அவை. முதலாவது பள்ளியின் நோக்கம், அடுத்தது அறநெறி, மூன்றாவது சமத்துவம், அப்படியே போய்ப் பத்தாவது பள்ளி மேம்பாட்டில் முடியும். ஒவ்வொன்றுக்கும் நம் வேலையிலிருந்து ஒரு சான்று, அதோடு ஏன் அப்படிச் செய்தோம் என்ற சிந்தனைக் குறிப்பு.

மூன்றாவது தரநிலைக்கு நான் வைத்தது எங்கள் பள்ளியின் சஸ்பென்ஷன் பதிவுகள். இனவாரியாகவும் காரணவாரியாகவும் பிரித்துப் பார்த்தேன். சண்டை, போதைப்பொருள் மாதிரி கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய காரணங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ‘கீழ்ப்படியவில்லை’, ‘மரியாதை இல்லை’ என்று ஆசிரியரின் கணிப்பை மட்டும் நம்பி எழுதிய காரணங்களில்தான் கறுப்பின மாணவர்களின் பெயர்கள் குவிந்திருந்தன. அந்தக் காரணங்களுக்கு நேராக வீட்டுக்கு அனுப்பாமல், முதலில் ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நடைமுறையை மாற்றினோம்.

குழுவில் யாரும் என் வரைபடங்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. “இந்தத் தாளை ஆசிரியர் கூட்டத்தில் வைத்தபோது யார் எதிர்த்தார்கள்? அவர்களிடம் அப்புறம் என்ன பேசினீர்கள்? அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்ததா?” கேள்விகள் எல்லாம் இந்தத் திசையில்தான். எந்தப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த வேலையைச் செய்தவருக்கு மட்டுமே பதில் தெரியும். போர்ட்ஃபோலியோ முறையை நான் இன்றும் ஆதரிப்பதற்கு இதுதான் காரணம்.

சேர்த்து வைக்க வேண்டியவை: கூட்ட நிகழ்ச்சி நிரல்கள், திட்டங்களின் முதல் வரைவுகள், பட்ஜெட் தாள்கள், பெற்றோருக்கு அனுப்பிய கடிதங்கள், எல்லாம் தேதியோடு. குறிப்பை அந்த வாரமே எழுதிவிடுங்கள். வருடக்கடைசியில் உட்கார்ந்தால் நடந்தது மட்டும் நினைவிருக்கும், அப்போது மனதில் ஓடிய குழப்பம் மறந்துபோகும். மாணவர் பெயர், அடையாள எண் எதுவும் வெளியே தெரியக்கூடாது. 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் மாணவர் பதிவுகளைப் பாதுகாக்கிறது, அதில் விளையாடவே கூடாது.

மிட்வெஸ்ட் மாநிலம் ஒன்றில் பேராசிரியர்

மதிப்பிடுகிறவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்த முறை திடீரென்று வந்துவிடவில்லை. 2005இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆர்தர் லெவின், பள்ளித் தலைவர்களைத் தயார்செய்யும் படிப்புகளைக் கடுமையாக விமர்சித்து எழுதிய அறிக்கையில், எட்.டி. பட்டத்தையே எடுத்துவிடலாம் என்றார். அடுத்த ஆண்டு இன்னொரு கல்வியாளரான லீ ஷுல்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறு யோசனை சொன்னார்கள்: பிஎச்.டி.யின் மெலிந்த நகலாக இருக்க வேண்டாம், தொழில் செய்கிறவர்களுக்கான தனி முனைவர் பட்டமாக இதை மாற்றுங்கள். 2007இல் எட்.டி. பட்டத்துக்கான கார்னெகி திட்டம் தொடங்கியபோது பல பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்து படிப்பைத் திருத்தி எழுதின. படிப்பு மாறினால் தேர்வும் மாறத்தானே வேண்டும். பள்ளியை நடத்துகிற ஒருவரை மூடிய அறையில் உட்காரவைத்து மணிக்கணக்காகக் கட்டுரை எழுதச் சொல்வது, அவருடைய படிப்பை அளப்பதில்லை.

ஆனால் மதிப்பெண் போடுவதில் சிக்கல் இருக்கிறது. ஒரே போர்ட்ஃபோலியோவைப் படித்து ஒருவர் ‘சிறப்பு’ என்பார், இன்னொருவர் ‘திருத்தி வரட்டும்’ என்பார். ஒருவர் எழுத்து நடையைப் பார்க்கிறார், இன்னொருவர் பள்ளியில் என்ன மாறியது என்று பார்க்கிறார். எங்கள் துறையில் பழைய போர்ட்ஃபோலியோக்கள் சிலவற்றை எல்லோரும் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு சேர்ந்து உட்கார்ந்து எங்கே பிரிகிறோம் என்று பேசிய பின்தான் ரூப்ரிக் (மதிப்பிடும் அளவுகோல்) உருப்படியானது. ‘ஆழமான சிந்தனை’ என்று இருந்த வரியை எடுத்துவிட்டு, ‘தன் முடிவுக்கு எதிரான சான்றை மாணவர் எதிர்கொண்டிருக்கிறார்’ என்று எழுதினோம். அதன் பிறகு கருத்து வேறுபாடு நன்றாகவே குறைந்தது.

நான் படித்ததிலேயே மனதில் நிற்பது தோற்றுப்போன ஒரு திட்டத்தைப் பற்றிய போர்ட்ஃபோலியோ. புதிய வாசிப்புத் திட்டம் ஒன்றை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. அந்தத் திட்டத்தை நடத்திய எங்கள் எட்.டி. மாணவர் தன் முதல் சுற்றறிக்கையையும், ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுத்த ஆட்சேபங்களையும், பிறகு அவர்களோடு சேர்ந்து எழுதிய இரண்டாவது திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு தலைவர் வளர்வதை அந்தத் தாள்களிலேயே பார்க்க முடிந்தது. பளபளவென்று சான்றிதழ்களும் விழாப் புகைப்படங்களும் நிறைந்த தடித்த கோப்புகளில் இது கிடைப்பதில்லை.

இங்கிலாந்து, எட்.டி. மாணவர்

இங்கே பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 1992இல் முதல் எட்.டி.யைத் தொடங்கியது. பெரும்பாலும் பாடவாரியான கட்டுரைகள், அப்புறம் ஆய்வேடு, கடைசியில் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. எனக்குத் தெரிந்த வரை கேள்வி கேட்டு உரையாடும் அந்தக் கடைசிக் கட்டம்தான் எந்த முறைக்கும் உயிர். அது இல்லாமல் போர்ட்ஃபோலியோவை இணையத்தில் ஏற்றிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜார்ஜியா, ஆரம்பப் பள்ளி ஆசிரியை

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் முதல்வரும் இல்லை, உதவி முதல்வரும் இல்லை, வகுப்பாசிரியை. பட்ஜெட் தாள் என் கைக்கு வராது. என் முதல்வர் எந்தக் குழுவிலும் என்னைச் சேர்ப்பதில்லை. என்னோடு படிக்கிற நிர்வாகிகள் அன்றாட வேலையையே சான்றாக வைக்கிறார்கள். நான் சான்றுக்காகவே வேலை தேட வேண்டியிருக்கிறது. தேர்வு என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், அந்த நியாயம் இதில் இல்லை.

மிட்வெஸ்ட் மாநிலம் ஒன்றில் பேராசிரியர்

அம்மா, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, இது எங்கள் துறையிலும் பெரிய விவாதம். பதவி வேறு, தலைமை வேறு என்று ரூப்ரிக்கில் எழுதியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஒரே வகுப்பு ஆசிரியர்கள் வாரந்தோறும் கூடும் கூட்டத்தை நீங்கள் நடத்தியிருந்தால், புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு வருடம் துணை நின்றிருந்தால், அவை நல்ல சான்றுகள். பட்ஜெட் மாதிரி எட்டாத பகுதிகளுக்கு வேறொரு பள்ளியில் பயிற்சி ஏற்பாடு செய்து தருவது துறையின் பொறுப்பு. உங்கள் வழிகாட்டியிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள். முதல் ஆண்டிலேயே கேட்பது நல்லது.

டெக்சாஸ், நடுநிலைப் பள்ளி உதவி முதல்வர்

எல்லோருக்கும் நன்றி. ரூப்ரிக்கை இப்போதே கொடுக்க முடியுமா, குழு நேரில் கேள்வி கேட்குமா என்று துறைக்கு இன்றே எழுதுகிறேன். ஜார்ஜியா அக்கா, எங்கள் பிரிவிலும் வகுப்பாசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு, வரும் பதிலை இங்கே போடுகிறேன்.