பழைய மெர்சிடிஸ் டீசல் காரில் பயோடீசல்: மலைப்பாதையில் இழுவை போகிறது

கேள்வி – கோவை_ஈ250

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் ஈ250டி கார். டபிள்யூ124 வகை, டர்போ இல்லாத, ஐந்து சிலிண்டர் கொண்ட 2.5 லிட்டர் ஓஎம்602 என்ஜின். என் தந்தை ஆசையாக வாங்கிய வண்டி என்பதால் அதை விற்க மனம் வரவில்லை; ஓடும் நிலையிலேயே வைத்திருக்க விரும்புகிறேன்.

ஓட்டல்களில் பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து தயாரித்த பயோடீசலை, ஏழு பங்கு டீசலுக்கு மூன்று பங்கு என்ற அளவில் கலந்து நான்கு மாதங்களாக ஓட்டி வருகிறேன். என்ஜின் சத்தம் குறைந்திருக்கிறது, புகையும் குறைந்திருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மூன்று தொல்லைகள் தொடங்கியுள்ளன.

முதலாவது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டியதும் இழுவை படிப்படியாகக் குறைந்து வண்டி நின்றேவிடுகிறது. பத்து நிமிடம் ஓரம் கட்டிவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறுகிறது. இரண்டாவது, சிலிண்டருக்குள் எரிபொருளைத் தூவும் நாசில்களுக்கு நடுவே ஓடும், மிஞ்சிய எரிபொருளைத் திருப்பி அனுப்பும் துணி பின்னிய சிறிய ரிட்டர்ன் ஹோஸ்கள் வியர்த்ததுபோல் ஈரமாக இருக்கின்றன. மூன்றாவது, டிசம்பரில் ஊட்டியில் இரவு தங்கியபோது காலையில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டருக்குள், மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய்போல் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. வெயில் ஏறிய பிறகே வண்டி புறப்பட்டது.

நாசில்களுக்கு எரிபொருளைத் தள்ளும் டீசல் பம்பு கெட்டுவிட்டது, உடனே அதைக் கழற்றி இறக்க வேண்டும் என்று இங்கே ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். பயோடீசலை முற்றிலும் நிறுத்திவிட வேண்டுமா, அல்லது எதையாவது மாற்றினால் போதுமா? உறவினர் ஒருவரின் மெஸ்ஸில் மீதமாகும் எண்ணெயை வைத்து வீட்டிலேயே தயாரிக்கலாமா என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – பம்பு_பட்டறை_சேலம்

ஐயா, தயவுசெய்து பம்பை இப்போது இறக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் ஒன்றுகூடப் பம்பைக் காட்டவில்லை. முப்பது ஆண்டுகளாக டீசல் பம்பு மேசையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பம்பு தேய்ந்த வண்டி பத்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு நன்றாக ஏறாது.

பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக டேங்கின் அடியிலும் குழாய்களின் உட்சுவரிலும் டீசல் படியவிட்ட பிசினையெல்லாம் அது கழற்றி எடுத்துக்கொண்டு வருகிறது. உங்கள் காரில் டேங்கின் அடியில், எரிபொருள் வெளியேறும் இடத்தில் ஒரு வலைச் சல்லடை இருக்கிறது. மேடேறும்போது எரிபொருள் அதிகமாக இழுக்கப்படுவதால் கசடு முழுவதும் அந்த வலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. என்ஜினை நிறுத்தியதும் இழுப்பு விட்டுப்போய்க் கசடு உதிர்ந்து விழுகிறது. அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு வண்டி போகிறது. மெயின் ஃபில்டர் மட்டும் அடைத்திருந்தால் ஓய்வெடுத்தாலும் இழுவை திரும்பாது. அடுத்த முறை நிற்கும்போது முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று ‘உஸ்’ என்று உள்ளே போனால் டேங்கின் காற்றுக்குழாயும் அடைத்திருக்கிறது என்று பொருள்.

டேங்கை வடித்து, வலையைக் கழற்றிக் கழுவி, சின்ன ஃபில்டர், பெரிய ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். அடுத்த 1,000 கிலோமீட்டருக்குள் அவை மீண்டும் அடைக்கக்கூடும் என்பதால் டிக்கியில் ஒரு ஜோடி இருக்கட்டும். அழுக்கு முழுவதும் வந்து முடிந்த பிறகு வழக்கமான இடைவெளிக்குத் திரும்பலாம்.

ஹோஸ் விஷயம் உண்மையாகவே முக்கியமானது. பழைய நைட்ரைல் ரப்பரும் இயற்கை ரப்பரும் பயோடீசலில் ஊறி உப்பும், மெத்துமெத்தென்று ஆகும், பிறகு வெடிக்கும். விட்டான் எனப்படும் ஃப்ளூரோ ரப்பர்க் குழாய்தான் இதற்குத் தாங்கும். விலை கூடுதல் என்றாலும் வாங்கிப் போடுங்கள். பம்பின் மேலுள்ள டெலிவரி வால்வு ஓரிங்குகளையும் அதே ரகத்தில் மாற்றுவது நல்லது. கசிவு என்றால் எரிபொருள் வெளியே போவது மட்டும் அல்ல, நிறுத்தி வைத்த வண்டியில் காற்று உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் என்ஜினில் இருப்பது லைன் பம்பு, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர் (எரிபொருளை அழுத்தித் தள்ளும் தண்டு) வரிசையாக உள்ள பம்பு. அதற்கு மசகு என்ஜின் ஆயிலிலிருந்து கிடைக்கிறது. ரோட்டரி பம்பு உள்ள வண்டிகளில் உள்ளே ஓடும் எரிபொருளே மசகு. அப்படிப்பட்ட ஒரு பம்பைச் சென்ற ஆண்டு என் மேசையில் பிரித்தேன். பயோடீசல் என்ற பெயரில் யாரோ விற்ற ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றி ஓட்டி, மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்த வண்டி அது. ஹெட்டில் பிளஞ்சர் வெல்லப்பாகு பூசியதுபோல் பழுப்பாக ஒட்டிக்கொண்டு, விரலால் தள்ளினால் நகர மறுத்தது. ரோட்டரி பம்பு வைத்திருப்பவர்கள் இருபது சதவீதத்துக்கு மேல் கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்கும் அந்த அளவே போதும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, என்ஜின் ஆயில். பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே ஆயிலுக்குள் கசியும் டீசலில் ஒரு பகுதி சூட்டில் ஆவியாகிவிடும். பயோடீசலின் கொதிநிலை உயர்ந்தது என்பதால் அது ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 – வேதியியல்_மதுரை

முந்தைய பதிலை முழுமையாக ஏற்கிறேன். ஊட்டியில் உறைந்ததற்கு மட்டும் விளக்கம் சொல்கிறேன். நம் ஊர் ஓட்டல்களில் பொரிக்கப் பயன்படுவது பெரும்பாலும் பாமாயில். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அதிலிருந்து கிடைக்கும் மெத்தில் எஸ்டர், அதாவது பயோடீசல், வெப்பநிலை 15 டிகிரியை நெருங்கும்போதே உறையத் தொடங்கி மங்கலாகிவிடும். டீசலுடன் கலக்கும்போது அந்த வரம்பு கீழே இறங்கும் என்றாலும், ஊட்டியின் உறைபனிக் காலத்துக்கு முப்பது சதவீதக் கலவை தாங்காது. குளிர்கால மலைப்பயணத்துக்கு முந்தைய டேங்கை வெறும் டீசலால் நிரப்புங்கள். வேறு மருந்து தேவையில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி, நீங்கள் வாங்குவது உண்மையிலேயே பயோடீசல்தானா என்பது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டும் ரூகோ திட்டத்தைத் தொடங்கிய பிறகு முறையான தயாரிப்பாளர்கள் வந்திருக்கிறார்கள். கூடவே முறையற்றவர்களும் வந்திருக்கிறார்கள். பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607-க்குரிய சோதனைச் சான்றை, நீங்கள் வாங்கும் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்குரியதாகவே கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். டீசல் கலக்காத பயோடீசல் கால் லிட்டரும் தண்ணீர் கால் லிட்டரும் ஒரு பாட்டிலில் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். நடுவே மோர்போல் வெள்ளை அடுக்கு நின்றால், சோப்பு மிஞ்சியிருக்கிறது அல்லது எண்ணெய் முழுமையாக மாறவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் தெரிந்தவர் இருந்தால் இன்னும் நம்பகமான வழி உண்டு: 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குவார்கள். நல்ல பயோடீசல் அதில் முழுவதும் கரையும். மாறாத எண்ணெய் துளியாக அடியில் தங்கும்.

வீட்டில் தயாரிக்கும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லிட்டர் மெத்தனாலும், வினையூக்கியாகக் காஸ்டிக் சோடாவும் வேண்டும். மெத்தனால் பகலில் கண்ணுக்கே தெரியாத சுடருடன் எரியும். ஆவியாக மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது அதுதான். உரிமமில்லாமல் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் நம் மாநிலத்தில் குற்றம். மெஸ் எண்ணெயை வடிகட்டி அப்படியே ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். ஆனால் சமையல் எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நாசில் அதைப் பனிபோல் தூவாது, தாரையாகப் பீய்ச்சும். எரியாத எண்ணெய் ரிங்கில் கரியாக இறுகும்.

பதில் 3 – ஈப்போ_பிக்கப்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2019 முதல் பத்து சதவீதப் பாமாயில் பயோடீசல் கலந்த டீசல் பம்புகளிலேயே விற்கப்படுகிறது; என் பழைய பிக்கப் அதில்தான் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, நிற்கும் வண்டிக்குத்தான் கேடு. பயோடீசல் டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். டேங்கின் அடியில் தண்ணீர் நின்றால் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கூழாகத் திரளும். நான் இருமுறை அதைக் கையால் வழித்து எடுத்திருக்கிறேன். நாற்றம் எளிதில் போகாது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் வெறும் டீசல் ஊற்றி ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, டேங்கை விளிம்புவரை நிரப்பி நிறுத்துங்கள் அண்ணா. கேனில் வாங்கிச் சேமிக்கவும் வேண்டாம். டேங்க் வாயைச் சுற்றிச் சிந்தினால் உடனே துடையுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

கோவை_ஈ250

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று டேங்கை வடித்தோம். சல்லடை வலையின் பாதிக்கு மேல் தார்போன்ற கசடு அடைத்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல்போல் நெறுநெறுத்தது. மூடியைத் திறந்தபோது காற்று இழுக்கவில்லை. இரண்டு ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. விட்டான் ஹோஸ் சென்னையிலிருந்து வர வேண்டும்.

குலுக்கல் சோதனையில் என்னிடம் மீதமிருந்த பயோடீசல் தேறவில்லை. காலையில் வைத்த பாட்டிலில் மாலைவரையும் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை அடுக்கு நின்றது. சான்று கேட்டதற்கு விற்றவர் அடுத்த வாரம் என்கிறார். வரும்வரை வெறும் டீசல்தான். சேலத்து ஐயா, ஹோஸ் வந்ததும் ஐந்து நாசில்களையும் கழற்றி உங்கள் டெஸ்டரில் பார்க்கக் கொண்டுவரலாமா? சனிக்கிழமை பட்டறை உண்டா என்று மட்டும் சொல்லுங்கள்.

பம்பு_பட்டறை_சேலம்

தாராளமாக வாருங்கள் ஐயா, சனிக்கிழமை மாலைவரை இருப்பேன். நாசில் அடியில் இருக்கும் வாஷரைத் திரும்பப் போடக்கூடாது. புதிதாக ஐந்து வாங்கிக்கொண்டு வாருங்கள். எந்த நாசில் எந்த சிலிண்டருடையது என்று நூல் கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தூவல் கெட்டது ஒன்றிலா, எல்லாவற்றிலுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.