காட்டில் பஞ்சவர்ணக் கிளிகள் ஏன் அருகி வருகின்றன?

கேள்வி: கூண்டுகளில் மக்காவ் எனப்படும் பஞ்சவர்ணக் கிளிகள் இத்தனை வளர்க்கப்படும்போது, அவை காட்டில் அருகுவதற்குக் காடழிப்புதான் காரணமா, பிடித்து விற்பதா?

மறுமொழி 1: இரண்டுமே காரணம் என்றாலும், கூடுகட்ட மரம் கிடைக்காததையே நான் முதலில் வைப்பேன். பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் நீல மக்காவின் கூடுகளில் பெரும்பாலானவை மந்துவி என்னும் ஒரே வகை மரத்தின் பொந்துகளில்தான் அமைகின்றன. அத்தகைய பொந்து உண்டாக மரத்துக்கு ஏறத்தாழ 60 வயதாவது ஆக வேண்டியிருப்பதால், மேய்ச்சலுக்காக வெட்டிய இடத்தில் இன்று கன்று நட்டாலும் உடனடிப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், அம்மரத்தின் விதைகளைப் பரப்பும் டூக்கான் பறவையே இக்கிளியின் முட்டைகளையும் தின்கிறது!

மறுமொழி 2: பிடிப்பதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம், ஐயா. ஸ்பிக்ஸ் மக்காவ் என்னும் இன்னொரு வகை, பிடித்து விற்கப்பட்டதாலும் அருகியது; அதன் கடைசிக் காட்டுப் பறவை 2000ஆம் ஆண்டில் மறைந்தது. கூண்டுகளில் எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே 2022இல் பிரேசிலின் பாயியா மாநிலத்தின் காட்டிங்கா முட்காட்டில் மீண்டும் விடப்பட்டன.

கேட்டவர்: நன்றி. பொந்துக்குப் பதிலாக மரப்பெட்டி வைத்தால் ஏற்குமா?

மறுமொழி 1: நீல மக்காவ் ஏற்கிறது, பந்தனாலில் பல இணைகள் பெட்டிகளில் குஞ்சு பொரித்துள்ளன. ஆனால் இரண்டு முட்டையிட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சே பிழைப்பதால், எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும்.