ஆங்கிலப் பரீட்சையில் இன்னும் உறுத்துகிற ஒரு நிமிஷம்: தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களின் ஆசிரியர்கள் பகிருங்கள்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

2021 டிசம்பர் 11. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலம், முதல் டெர்ம். அந்தப் பத்தியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனைவிமார் கணவனுக்கு அடங்கி நடப்பதை விட்டதால்தான் பிள்ளைகள் பெற்றோருக்கு அடங்குவதில்லை என்று சொன்ன அதே பத்திதான்.

பரீட்சை முடிந்ததும் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். வகுப்பில் ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளை. அப்பா விட்டுப் போய்விட்டார். அம்மா கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி நார் மில்லுக்கு வேலைக்குப் போய், வட்டிக்கும் வாங்கி ஃபீஸ் கட்டுகிறவர். கையில் வினாத்தாளை நாலாக மடித்து வைத்திருந்தாள், மடிப்பெல்லாம் வியர்வையில் நைந்து கிடந்தது.

"டீச்சர், அத மூணு தடவ படிச்சேன். எங்கம்மாவத் திட்டுற மாதிரி இருந்துச்சு. நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோன்னு திரும்பத் திரும்பப் படிச்சேன். எழுதுனவர் எப்படிப்பட்டவருன்னு ஒரு கேள்வி. எனக்குத் தோணின பதில் நாலு ஆப்ஷன்லயும் இல்ல."

கடைசிப் பத்துக் கேள்விகளுக்கு விடைத்தாளில் ஏதோ ஒரு வட்டத்தை அவசரத்தில் கறுப்படித்துவிட்டு வந்திருக்கிறாள். மொத்தமே 90 நிமிஷம், 40 மார்க்.

இரண்டு நாளில் பத்தியை நீக்கி, அதற்கு முழு மார்க் என்று அறிவித்தார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு இல்லை. பத்தியைப் படிக்காமலே ஏதோ ஒன்றைக் கறுப்படித்துவிட்டு மேலே போன பிள்ளைக்கும் அதே முழு மார்க்தான். புரிந்து படித்தவளுக்குத்தான் நேரம் போயிற்று. மார்க்கைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த நிமிஷங்களை யார் கொடுப்பது?

உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

நகரி வாத்தியார்:

எங்கள் ஆந்திரப் பக்கம் 2023-24இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டோஃபல் என்கிற அமெரிக்க ஆங்கிலத் தேர்வு வந்தது தெரிந்திருக்கும். சின்னவர்களுக்கு பிரைமரி, பெரியவர்களுக்கு ஜூனியர். அதில் லிசனிங் ஒரு பகுதி. ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும்.

எட்டாம் வகுப்புக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் பின்தெரு முழுக்க விசைத்தறி. ஜன்னலைச் சாத்தினாலும் சத்தம் சுவரோடு வரும். அமெரிக்க உச்சரிப்பில் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள், ஒருத்தன் புத்தகத்தை லாக்கரில் வைத்துவிட்டேன் என்கிறான். என் பையன் கை தூக்கினான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஆறாவதிலிருந்து இந்தி, இவ்வளவுக்கும் நடுவில் ஆங்கிலம் படிக்கிறவன்.

"சார், லாக்கர் பேங்க்ல நகை வைக்கிறதுதான? புக்க ஏன் அங்க கொண்டுபோய் வெச்சான்?"

அவன் காதில் வார்த்தை சரியாக விழுந்திருக்கிறது. தறிச் சத்தத்தைத் தாண்டி விழுந்திருக்கிறது. அர்த்தமும் தெரியும். ஆனாலும் விடை தப்பு. அங்கே பள்ளியில் பிள்ளைகள் புத்தகம் வைக்கிற பூட்டுப் பெட்டிக்கும் லாக்கர் என்றுதான் பெயர். அன்றைக்கு அவனுக்குத் தெரியாமல் போனது ஆங்கிலம் இல்லை, அந்த ஊர்ப் பள்ளிக்கூடம். இதை எந்த மார்க் ஷீட்டிலும் எழுத இடமில்லை.

மூணாறு மாஷ்:

டீச்சர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நகரி சாரோடு எனக்கு உடன்பாடில்லை. லாக்கர் தெரியாது, சப்வே தெரியாது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் நம் பிள்ளைகளுக்கு நம் தெருவைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகும். லாக்கரை அன்றைக்கே படம் வரைந்து காட்டிவிடலாம். கேள்வித்தாளின் பாஷையில் இல்லை அநியாயம். பரீட்சையை எப்படி எழுத வேண்டும் என்பது யாருக்குத் தெரிந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

என்னுடையதைச் சொல்கிறேன். எஸ்டேட் லயத்துப் (தொழிலாளர் குடியிருப்பு) பையன், பத்து வரைக்கும் தமிழ் மீடியம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்காக 2025இல் கியூட் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதினான். அந்த வருஷம்தான் ஆங்கிலத்தில் 50 கேள்வியும் கட்டாயம், 60 நிமிஷம் என்று மாறியது. அதற்கு முன்னே 50இல் 40 எழுதினால் போதும். சரியானால் 5, தப்பானால் மைனஸ் 1. "தெரியாததத் தொடாத" என்று நான்தான் அவனிடம் பத்து தடவை சொல்லி அனுப்பினேன்.

மலையிறங்கிப் போய் எழுதிவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தான். "மாஷே, பதினோரு கேள்விய விட்டுட்டேன். ரெண்டு ஆப்ஷன் வரைக்கும் வந்தேன். மைனஸ நெனச்சுத் தொடல."

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்து, ஒன்று சரியாகி மூன்று தப்பானால்கூட 5 போக 3, கையில் 2 மார்க் நிற்கும். இரண்டு ஆப்ஷன் வரைக்கும் வந்தவன் விடவே கூடாது. கொச்சியில் கோச்சிங் போகும் பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இவனுக்குச் சொல்ல வேண்டியவன் நான். தொடாதே என்று சொன்னேன். மே மாதம் வந்தால் எனக்கு இன்னும் தூக்கம் சரியாக வருவதில்லை.

பாறசாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என் மாணவி ஒருத்தி சிடெட் என்கிற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில் 150க்கு 88. பொதுப்பிரிவில் 90 வேண்டும். போனில் "ரெண்டு மார்க், சார்" என்றாள், அதற்கு மேல் பேசவில்லை. ஆங்கிலப் பகுதியில்தான் போயிற்று.

அதனால் எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சிடெட்டில் முதல் மொழி தமிழ், இரண்டாம் மொழி ஆங்கிலம் என்று எடுக்கலாம். தமிழை விட்டுவிட்டு கௌரவத்துக்காக ஆங்கிலத்தை முதல் மொழியாக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு மொழிக்கும் 30 கேள்வி. அதில் 15 பத்தியை ஒட்டியது, 15 மொழியைக் கற்பிக்கும் முறை பற்றியது. எல்லாரும் பத்தியில் உயிரை விடுகிறார்கள். கற்பித்தல் முறைதான் படித்தால் நிச்சயம் கைக்கு வரும் மார்க், முதலில் அதை முடித்துவிட வேண்டும். இங்கே மைனஸ் கிடையாது, ஒரு வட்டத்தைக்கூட வெறுமையாக விடக்கூடாது. பத்தி வந்தால் கேள்வியை முதலில் படி, பிறகு பத்திக்குப் போ. நகரி சாருக்கும் ஒன்று: ஆடியோவை மட்டும் நம்பாமல் தினம் பத்து நிமிஷம் நீங்களே உரக்க வாசியுங்கள், பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். சத்தம் இருக்கும் அறையிலேயே செய்யுங்கள், பழகிவிடும். சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும், அதனால் ஒரு தடவை போனால் மனம் தளர வேண்டாம். கியூட் எழுதும் பிள்ளைகளுக்கு மூணாறு மாஷ் சொன்ன மைனஸ் கணக்கைப் பெரிதாக எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.

நகரி வாத்தியார்:

சார், பெரியவர் சொல்கிறீர்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தறிச் சத்தம் பழகிவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அதில்தான் இருக்கிறார்கள். சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து அதே பரீட்சையை எழுதிய பிள்ளை எதற்கும் பழக வேண்டியிருக்கவில்லையே.

மூணாறு மாஷே, லாக்கரை அன்றைக்கே போர்டில் வரைந்து காட்டினேன். வரைந்து முடித்ததும் அடுத்த ஒலிப்பதிவில் கஃபடீரியா வந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

கேள்வியை முதலில் படி என்று நானும்தான் சொல்லிக் கொடுத்தேன், சார். அவள் அப்படியே செய்தாள். கேள்வியைப் படித்துவிட்டு, தனக்குத் தோன்றிய பதிலைத் தேடித்தான் பத்திக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள்.

இப்போது டிகிரி படிக்கிறாள், ஆங்கில இலக்கியம்தான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அம்மாவும் கூட நின்றார், மில்லிலிருந்து நேராக வந்திருப்பார் போல, முந்தானையெல்லாம் நார்த்தூசி. மூன்று பேரும் டீ குடித்தோம். பரீட்சையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.