சிறிய கேளிக்கைப் பூங்கா: 4 வயதுப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் ஒத்துவருமா?

திருப்பாதிரிப்புலியூர்வாசி:
வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை 9 வயது மகன், 4 வயது மகள், மூட்டுவலியால் அதிகம் நடக்க இயலாத என் தாயார் ஆகியோருடன், புதுச்சேரிப் பக்கம் உள்ள சிறிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்று வர எண்ணியிருக்கிறோம். சென்ற ஆண்டு வெளியூரிலுள்ள பெரிய பூங்காவுக்குப் போனபோது, பாதிப் பொழுது வரிசையில் நிற்பதிலும் மீதிப் பொழுது அம்மாவுக்கு நிழலில் ஓர் இருக்கை தேடுவதிலுமே கழிந்துவிட்டது. சிறிய பூங்கா என்றால் எத்தனை மணி நேரம் தாங்கும்? மகளுக்கு ஏற்ற ராட்டினங்கள் இருக்குமா?

முதலியார்பேட்டைக்காரர்:
உங்கள் குடும்பத்துக்குச் சிறிய பூங்காதான் சரி. ஓர் இருக்கையில் அம்மாவை அமர்த்திவிட்டால், அவர் எழுந்திருக்காமலேயே பேரன் எதில் ஏறுகிறான், பேத்தி எதற்கு அழுகிறாள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிற்பகல் 3 மணிக்கு மேல் செல்லுங்கள். கடற்காற்று வீசத் தொடங்கியிருக்கும், இரும்பு இருக்கைகளின் சூடும் தணிந்திருக்கும்.

புறப்படுமுன் பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். ராட்டினத்தின் வாயிலில் ஒரு கம்பத்தில் கோடு போட்டிருப்பார்கள். தலை அதைத் தொடவில்லை என்றால், எவ்வளவு கெஞ்சினாலும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. 4 வயதில் ஏறத்தாழ 1 மீட்டர் உயரம்தான் இருக்கும் என்பதால், மகளுக்குக் குதிரை ராட்டினமும் பொம்மை ரயிலும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அங்கே அழுகை குறையும். மகன் கொலம்பஸில் (ஊஞ்சல்போல ஆடும் பெரிய கப்பல்) ஏறினால் நடுவரிசையில் அமரச் சொல்லுங்கள். கப்பலின் இரு முனைகளே மிக உயரம் எழும்புபவை, வயிற்றைப் பிசைவதும் அங்கேதான். ஒன்றோடொன்று மோதி விளையாடும் டாஷிங் காரில், பின்னாலிருக்கும் கம்பம் மேற்கூரையின் கம்பிவலையில் உரசி மின்சாரம் எடுக்கும்போது பொறி பறப்பதைக் கண்டு என் மகள் முதன்முறை மிரண்டுவிட்டாள். அதையும் சொல்லி வையுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
மேலே சொன்னவற்றில், சிறிய பூங்காதான் சரி என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 9 வயதுப் பையனுக்கு ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்; பிறகு 'இன்னொரு முறை' என்று ஒரே ராட்டினத்தைச் சுற்றி வருவான். நீர் விளையாட்டுப் பகுதி இருந்தால்தான் மாலை வரை ஓடும். ஆனால் பருத்தி உடையுடன் குளத்தில் இறங்க விட மாட்டார்கள். அதன் நூலிழைகள் உதிர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும் என்பதே காரணம். நைலான் உடையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அளவு பொருந்தாது. மீதிப் பொழுதுக்கு, புதுச்சேரிப் பழைய பேருந்து நிலையத்தின் அருகே பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. மரநிழல் அடர்ந்த இடம், பாட்டிக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எங்கும் போக வேண்டாம். மழை பிடித்தால் ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. மகளுக்குப் பருத்திப் பாவாடைதான் எடுத்து வைத்திருந்தோம், மாற்றிவிட்டோம். நேற்றிரவு கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததில் மகன் 131 செ.மீ., மகள் 101 செ.மீ. அவள் நுனிக்காலில் நின்று 105 ஆக்கப் பார்த்தாள். பாட்டிதான் குதிகாலைப் பிடித்து அழுத்தினார். கொலம்பஸ் அவளுக்கு இல்லை என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு 3 மணிக்குப் புறப்படுகிறோம்.